முப்பத்தேழு நிமிட வெளிச்சம்

சென்ற தை அமாவாசைக்கு மறுநாள் இரவு, சுருளிப்பட்டியை அடுத்த திராட்சைத் தோட்டம் ஒன்றின் ஓரத்துத் தரிசில் நாங்கள் ஐவர் நின்றிருந்தோம். எங்களிடம் இருந்தவை: முக்காலி ஒன்று, 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு தொலைநோக்கி, பழையதாக வாங்கிய கேமரா, வானத்தின் சுழற்சிக்கு ஈடாகத் தொலைநோக்கியை மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்கும் மோட்டார் பீடம், அதற்கு உயிர்கொடுக்க ஒரு கார் பேட்டரி. வாய்க்காலில் மடை திருப்ப டார்ச் விளக்குடன் வந்த பெரியவர் ஒருவர் எங்களைக் கண்டதும் நின்றுவிட்டார். கருவிகளைச் சற்றுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க அந்த நியூட்ரினோக்காரவுகளா?" என்று கேட்டார்.

கேள்வியில் நியாயம் இருந்தது. போடி மேற்கு மலையடியில் உள்ள பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த நாள்முதல், எங்கள் மாவட்டத்தில் அறிவியல் கருவியோடு இரவில் நிற்பவன் எவனாயினும் அவன்மீது ஒரு சந்தேகம் விழத்தான் செய்கிறது. "இல்லைங்கய்யா, காலேஜ் வாத்தியாருக. நட்சத்திரத்தைப் படம்பிடிக்க வந்தோம்" என்றோம். அவர் அண்ணாந்து பார்த்தார். வானம் நிறைய அவை இருந்தன. "அதப் பாக்க எதுக்குய்யா பேட்டரி?" என்றார்.

அவருக்கு அப்போது சொல்ல முடியாமற்போன விடையைத்தான் இங்கே எழுத முயல்கிறோம். அவ்விடைக்கு 1880 வரை பின்னே செல்ல வேண்டும். வழியில் நியூயார்க்கும் இலண்டனும் புனேயும் வந்துபோகும். கடைசியில் எங்கள் ஊருக்கு வடக்கே நிற்கும் மலைக்கே வந்துசேரும்.

நாங்கள் படம்பிடிக்கச் சென்றது ஓரியன் விண்முகிலை. நெபுலா என்று பரவலாக வழங்கும் சொல்லுக்கு நாங்கள் கொள்ளும் தமிழ் இது. ஆதிரை என்று நம் முன்னோர் அழைத்த செந்நிற மீனுக்குக் கீழே வரிசையாக மூன்று மீன்கள் தெரியும். மேலை நாட்டார் அவற்றை வேட்டைக்காரனின் இடைக்கச்சு என்பர். அக்கச்சிலிருந்து தொங்கும் வாளின் நடுவில், கண்ணாடியில் மூச்சுவிட்டாற்போன்று ஒரு மங்கல் இருக்கிறது. அதுதான். ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுத் தொலைவில், ஐதரசன் வாயுவும் தூசும் திரண்டு, புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் களம். உள்ளே பிறந்துவிட்ட சில வெம்மீன்களின் புற ஊதாக் கதிர் பட்டு வாயு தானே ஒளிர்கிறது. 1610இல் கலிலியோ தம் நூலில் ஓரியனின் கச்சையும் வாளையும் வரைந்து, வெறுங்கண்ணுக்குத் தெரியாத எண்பது மீன்களைச் சேர்த்துக் காட்டினார். இம்மங்கலை மட்டும் குறிக்காமல் விட்டுவிட்டார். அதே ஆண்டில் பிரான்சு நாட்டுப் பெய்ரெஸ்க் அதைத் தொலைநோக்கியில் கண்டார்.

கண்டவர்கள் வரைந்தார்கள். தொல்லை அங்கேதான் தொடங்கிற்று. தென்னாப்பிரிக்காவின் கேப் நகரில் 1830களில் தங்கியிருந்த ஜான் ஹெர்ஷல் ஒருவிதமாக வரைந்தார். அயர்லாந்தில் ராஸ் பிரபுவின் பெருந்தொலைநோக்கியில் பார்த்தவர்கள் வேறுவிதமாக வரைந்தார்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் பாண்ட் வரைந்தது இன்னொரு விதம். ஒருவர் படத்தில் உள்ள இறகு மற்றவர் படத்தில் இல்லை. விண்முகில் மாறிவிட்டதா, பார்த்த கண் மாறிவிட்டதா? சுவடிப் பதிப்பு அறிந்தவர்களுக்கு இச்சிக்கல் புதியதன்று. ஏடெழுதினோன் கைப்பிழையா, மூலமே இருவேறு வடிவில் வழங்கியதா என்று பாடபேதங்களின் முன் நாம் திகைத்து நிற்பதில்லையா? அதே திகைப்புத்தான். வேறுபாடு ஒன்றுண்டு. நமக்கு மூல ஏடு கிட்டாது. வானியலாருக்கோ மூல ஏடு இரவுதோறும் தலைக்குமேல் விரிந்திருந்தது. அதைப் படியெடுக்கக் கை நடுங்காத எழுத்தர் ஒருவர்தான் தேவைப்பட்டார்.

அந்த எழுத்தர் ஒளிப்படத் தகடு. நிலவை 1840இலேயே ஒளிப்படமாக்கிவிட்டார்கள். விண்முகில் அப்படி எளிதில் சிக்கவில்லை. கண்ணுக்கு ஓர் இயல்பான குறை உண்டு: ஒளியை அது சேர்த்துவைப்பதில்லை. ஒரு பொருளை நொடிப்பொழுது பார்த்தாலும் ஒரு மணிநேரம் பார்த்தாலும் அதே வெளிச்சம்தான் தெரியும். தகடு அப்படியன்று, உண்டியலைப்போல விழுந்ததை எல்லாம் சேர்த்துவைக்கும். ஆனால் பூமி சுழல்கிறதே! உண்டியலின் வாய் எப்போதும் ஒரே இடத்துக்கு நேராக இருக்கும்படி தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரத்தகடு சில நிமிடங்களில் காய்ந்து பயனற்றுப் போகும். ஆகவே நீண்டநேரம் தாங்கும் ஜெலட்டின் உலர்தகடு வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1880 செப்டம்பர் 30 அன்று இரவு, நியூயார்க்கை அடுத்த ஹேஸ்டிங்ஸ் என்னும் ஊரில், 11 அங்குலத் தொலைநோக்கியில் உலர்தகட்டைப் பொருத்தி, ஏறத்தாழ 50 நிமிடங்கள் ஒளிபடவிட்டு ஓரியன் விண்முகிலை முதன்முதலாகப் படமாக்கியவர் ஹென்றி டிரேப்பர். அவர் மருத்துவம் படித்தவர். கல்லூரியில் பாடம் சொன்னவர். வானியல் அவருக்குச் சம்பளம் தந்த தொழிலன்று. 1882 மார்ச்சில் இதே விண்முகிலுக்கு 137 நிமிடங்கள் கொடுத்து முன்னினும் மேலான படம் எடுத்தார். அவ்வாண்டு நவம்பரில் 45 வயதில் மறைந்தார்.

அடுத்தவர் ஆண்ட்ரூ ஐன்ஸ்லி காமன். இலண்டனை அடுத்த ஈலிங்கில் வாழ்ந்த சுகாதாரப் பொறியாளர். ஊராரின் சாக்கடையைச் சீர்செய்வது அவர் பிழைப்பு. விண்மீன்கள் அவர் பித்து. வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கியை நிறுவி, 1883 ஜனவரி 30 அன்று 37 நிமிடங்களில் அவர் எடுத்த படம்தான் வானியலின் போக்கைத் திருப்பியது என்பது எங்கள் கருத்து. டிரேப்பரின் படம் கண் கண்டதைத் தகடும் காணும் என்று காட்டியது. காமனின் படமோ, எவ்வளவு பெரிய தொலைநோக்கி வழியாகவும் எந்த மனிதக் கண்ணும் அதுவரை கண்டிராத மீன்களைத் தகட்டில் கொண்டுவந்து நிறுத்தியது. 'பார்த்தல்' என்ற சொல்லின் பொருளே அன்று மாறிற்று. மறு ஆண்டு இலண்டன் அரச வானியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. அத்தொலைநோக்கியை அவர் 1885இல் எட்வர்டு கிராஸ்லி என்னும் கம்பள ஆலை முதலாளிக்கு விற்றார். கிராஸ்லி 1895இல் அதைக் கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்துக்குக் கொடையளித்தார். அங்கே ஜேம்ஸ் கீலர் அதைக்கொண்டு எடுத்த விண்முகில் படங்கள் தொழில்முறை வானியலின் செல்வங்களாயின.

மருத்துவர், சாக்கடைப் பொறியாளர், கம்பள வணிகர். இவ்வரிசையைக் கவனிக்க வேண்டுகிறோம். விண்முகிலை ஒளிப்படமாக்கும் கலை பல்கலைக்கழகங்களில் தோன்றிப் பின்னர் ஆர்வலரிடம் இறங்கி வந்ததன்று. ஆர்வலரிடம் பிறந்து, பின்னரே நிறுவனங்களுக்குள் புகுந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பாவ்நகர் மன்னர் தக்தசிங்ஜி 1882இல் அளித்த நன்கொடையை முதலாகக் கொண்டு, புனே அறிவியல் கல்லூரியில் வானாய்வகம் ஒன்று எழுந்தது. அதை எழுப்பியவர் அக்கல்லூரி ஆசிரியரான கவாஸ்ஜி தாதாபாய் நேகம்வாலா என்னும் பார்சி அறிஞர். அங்கே நிறுவப்பட்ட கிரப் நிறுவனத்துத் தொலைநோக்கி அக்காலத்தில் இந்தியாவிலேயே பெரியது. 20 அங்குலப் பாவ்நகர் தொலைநோக்கி என்று பின்னர்ப் பெயர்பெற்றது. நேகம்வாலா அதில் முதலில் ஆராய்ந்தவற்றுள் ஒன்று ஓரியன் விண்முகிலின் நிறமாலை.

நிறமாலையில் என்ன வழக்கு? விண்முகிலின் ஒளியைப் பிரித்தால் பச்சைநிறத்தில் ஒரு கோடு மேலோங்கித் தெரியும். அது மக்னீசியத்தின் பட்டை ஒன்றன் எச்சம் என்றார் நார்மன் லாக்யர். விண்கற்கள் ஒன்றோடொன்று மோதி ஒளிர்வதே விண்முகில் என்ற தம் கொள்கைக்கு அது அவருக்குத் தேவைப்பட்டது. வில்லியம் ஹக்கின்ஸ் மறுத்தார். மக்னீசியப் பட்டையாயின் ஒரு பக்கம் கலைந்திருக்க வேண்டும். வாயுவின் கோடாயின் இருபுறமும் கூர்மையாக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் லாக்யரோடு பழகி நிறமாலைக் கலையைக் கற்றுவந்த நேகம்வாலா, கோடு கூர்மையாகவே இருக்கிறது என்று 1890களின் தொடக்கத்தில் அறிவித்தார். ஆசானுக்கு எதிரான சாட்சியம் அது. அக்கோட்டின் உண்மையான மூலம், இரு மின்னணுக்களை இழந்த ஆக்சிஜன் அணு என்பதை 1927இல்தான் ஐரா போவன் விளக்கினார்.

1912இல் நேகம்வாலா ஓய்வு பெற்றார். அத்தோடு புனே வானாய்வகமும் மூடப்பட்டது. கருவிகள் கொடைக்கானலுக்கு என்று முடிவாயிற்று. அதாவது, ஓரியன் விண்முகிலை ஆராய்ந்த இந்தியாவின் மிகப்பெரிய தொலைநோக்கி எங்கள் தலைக்குமேல் நிற்கும் மலைக்கு உரியதாயிற்று.

அம்மலையில் வானாய்வகம் எப்படி வந்தது என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோர் அறிந்துகொள்வது நன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தை நம் பாட்டிமார் கதைகளில் கேட்டிருக்கிறோம். அப்பஞ்சத்தின்பின் ஆள்வோருக்கு இரண்டு எண்ணங்கள் வலுத்தன. ஒன்று, மேற்கே ஓடிக் கடலில் விழும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்புவது. மற்றொன்று, பருவமழை பொய்ப்பதற்கும் சூரியனில் தோன்றும் புள்ளிகளுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்வது. முதல் எண்ணம் பென்னிகுக்கின் அணையாயிற்று. இரண்டாவது கொடைக்கானல் சூரிய ஆய்வகமாயிற்று. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு பெரியாற்றுத் திட்டத்தைத் திறந்துவைத்தார். அதே மாதத்தில் கொடைக்கானல் ஆய்வகத்துக்கும் அடிக்கல் நாட்டினார். பென்னிகுக்கின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டி, அவருக்குப் பொங்கல் வைக்கும் எங்கள் மக்களுக்கு, அவ்வணையோடு ஒரே பஞ்சத்தின் வயிற்றில் பிறந்த உடன்பிறப்பு ஒன்று மலைமேல் இருப்பது பெரும்பாலும் தெரியாது.

தெரிந்திருக்க வேண்டியவர்களும் நாங்களே. இன்று வத்தலக்குண்டு வழியாகப் பேருந்தில் ஏறிவிடுகிறோம். அச்சாலை 1914 அளவில்தான் திறந்தது. அதற்குமுன் கொடைக்கானலுக்கு வாயில் பெரியகுளம். அம்மையநாயக்கனூர் நிலையத்தில் ரயிலைவிட்டு இறங்கி, மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பை அடைந்து, அங்கிருந்து குதிரைப்பாதையில் மேலேறுவார்கள். துரைமார் டோலியில் செல்ல, சாமான்கள் கூலியாட்களின் தலையிலும் தோளிலும் செல்லும். 1899இல் சென்னை நுங்கம்பாக்கத்திலிருந்து ஆய்வகப் பணி கொடைக்கானலுக்கு மாறிய காலத்தில் வேறு வழி ஏது? இந்திய வான் இயற்பியலின் முதற்கருவிகள் எங்கள் ஊர் மனிதர்களின் தோளேறித்தான் 2,340 மீட்டர் உயரத்தை அடைந்திருக்க வேண்டும் என்று நாங்கள் கருதுகிறோம். அவர்கள் பெயர்களை எந்த அறிக்கையும் குறித்துவைக்கவில்லை என்பதில் வியப்பில்லை.

மேலே சென்ற ஆய்வகம் பகலில் வேலைசெய்தது. ஜான் எவர்ஷெட் 1907இல் வந்தார். 1909 ஜனவரியில் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பரவுவதைக் கண்டறிந்து உலகப்புகழ் பெற்றார். அவரும் இங்கிலாந்தில் ஒரு நிறுவனத்தில் வேலைபார்த்தபடி வானியலில் ஈடுபட்ட ஆர்வலராகத் தொடங்கியவர் என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் இருக்க இயலவில்லை. (இலக்கிய வாசகர்களுக்கு ஒரு செய்தி: அவர் துணைவியார் மேரி அக்வொர்த் எவர்ஷெட், தாந்தேயின் காவியத்தில் வரும் வானியலைப் பற்றி எழுதிய நூல், அவர்கள் கொடைக்கானலில் வாழ்ந்த நாளில், 1914இல் வெளியாயிற்று. பழனி மலைச்சாரலில் தாந்தே! இதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.)

பகல் ஆய்வகத்தில் இரவுத் தொலைநோக்கிக்கு என்ன வேலை? பாவ்நகர் தொலைநோக்கி பல்லாண்டுகள் பயன்படாமற் கிடந்தது. பின்னரே நிறுவி உயிர்ப்பிக்கப்பட்டது. இதில் யாரையும் குறைகூற நாங்கள் முனையவில்லை. பஞ்சத்துக்கு விடை தேடி அமைந்த நிறுவனம் சூரியனைப் பார்த்தது; அது முறைதான். ஆயினும் விண்முகில் ஒளிப்படக்கலை உலகெங்கும் வளர்ந்த பத்தாண்டுகளில், ஆண்டில் பல மாதங்கள் ஓரியன் உச்சியில் நிற்கும் இந்நிலத்தில், நாட்டின் பெரிய ஆடி இருட்டறையில் கிடந்தது என்பதை நினைக்கையில் நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது. 1960இல் கொடைக்கானல் பொறுப்பேற்ற வேணு பாப்புதான் இரவு வானத்துக்கு இடம் தேடி ஜவ்வாது மலையின் காவலூரைக் கண்டடைந்தார். 1971இல் கொடைக்கானல் ஆய்வகம் இந்திய வான் இயற்பியல் நிறுவனமாக உருமாறி, தலைமையகம் பெங்களூருக்குச் சென்றது.

ஆர்வலரின் காலம் முடிந்துவிட்டது என்று எண்ணியிருந்த வேளையில் 2004 ஜனவரி வந்தது. அமெரிக்காவின் கென்டக்கியில் ஜே மெக்நீல் என்னும் ஆர்வலர், தம் வீட்டிலிருந்தபடி வெறும் 3 அங்குலத் தொலைநோக்கியால் ஓரியனின் எம்78 பகுதியைப் படமெடுத்தார். படத்தில், எந்த வரைபடத்திலும் இல்லாத புதிய விண்முகில் ஒன்று இருந்தது. பிறந்துகொண்டிருக்கும் விண்மீன் ஒன்று திடீரெனப் பொங்கிச் சூழ இருந்த தூசியை ஒளிரச் செய்திருந்தது. பழைய படங்களைத் துழாவினார்கள். 1966இல் எவரெட் கிரைமர் என்ற இன்னோர் ஆர்வலர் எடுத்த படத்தில் அது இருந்தது. இடைக்காலத்தில் மறைந்திருந்தது. விண்முகில் மாறுமா, மாறாதா என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைபடங்களை வைத்துக்கொண்டு வாதிட்டார்களே, அவ்வாதத்துக்குத் தகட்டின் சாட்சியம் இப்படிக் கிடைத்தது: சில மாறத்தான் செய்கின்றன. மெக்நீலின் விண்முகிலை உலகின் பெருந்தொலைநோக்கிகள் தொடர்ந்தன. அவற்றுள் ஒன்று இலடாக்கின் ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கி. அதை இயக்குவது கொடைக்கானலின் வழிவந்த அந்த நிறுவனமே. மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்தார் அதைக்கொண்டு, அவ்விண்முகில் மங்கியதையும் 2008இல் மீண்டும் தோன்றியதையும் கண்காணித்து எழுதியுள்ளார்கள்.

சுருளிப்பட்டிக்குத் திரும்புவோம். அன்றிரவு எங்களுக்கு ஓர் ஆசை: காமன் தந்த அதே 37 நிமிடங்களைத் தருவது. எங்கள் ஆடிவில்லை அவருடைய ஆடியின் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஒரு செல்வத்தில் அவரை மிஞ்சினோம். ஈலிங்கில் ஓரியன் விண்முகில் அடிவானிலிருந்து 33 பாகைக்குமேல் ஏறாது. புகையும் மூடுபனியும் நிறைந்த காற்றின் ஊடே அவர் பார்த்தார். இங்கே அது 75 பாகை ஏறி ஏறக்குறைய உச்சந்தலைக்கு வந்துவிடுகிறது.

இடரும் உண்டு. மோட்டார் பீடத்தின் அச்சைத் துருவ மீனுக்கு நேராக நிறுத்த வேண்டும். நம் அகலாங்கு 10 பாகை. ஆகவே துருவ மீன் அடிவானிலிருந்து 10 பாகை உயரத்தில்தான் தெரியும். பெரியகுளத்து அடிவாரத்தில் முதலில் முயன்றபோது கொடைக்கானல் மலையே அதை மறைத்துக்கொண்டது. வானாய்வகம் சுமந்த மலை எங்களுக்குத் துருவ மீனைத் தர மறுத்த வேடிக்கையை எண்ணிச் சிரித்துக்கொண்டு தெற்கே நகர்ந்து வந்தோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளியும் தை, மாசிதான் எங்கள் பருவம். பனி வில்லைமேல் படியும். துணி சுற்றிக் காப்போம்.

ஒரு நிமிடத்துக்கு ஒரு படமாக முப்பத்தேழு. ஒரே படமாக எடுப்பதில்லை. காற்றோ காலடியோ ஒன்றைக் கெடுத்தால் மற்றவை பிழைக்கும். பின்னர்க் கணினியில் அடுக்கிச் சராசரி காண்போம். முப்பத்தேழு சுவடிகளை ஒப்புநோக்கி ஒரு பாடம் காண்பதற்கு ஒப்பான வேலை. எழுத்தர் பிழைகள் தாமே உதிர்ந்துவிடும், எல்லாவற்றுக்கும் பொதுவானது நிற்கும். ஐதரசனின் ஆழ்ந்த சிவப்பைக் கடைக் கேமராக்கள் தம் வடிகட்டியால் பெரிதும் தடுத்துவிடுகின்றன. மிஞ்சியதே வெளிர்சிவப்பாய் விரிகிறது.

முதல் ஏழெட்டுப் படங்களின் மூலையில் மஞ்சளாக ஒரு கறை ஏறியிருந்தது. தோட்டத்து மோட்டார் அறையின் குண்டு விளக்கு. அதற்கும் அப்பால், கம்பத்துப் பக்கம் வெண்ணிறக் கூரை ஒன்று அடிவானில் எழுந்திருந்தது. சில ஆண்டுகளுக்குமுன் இதே இடத்தில் இரண்டு நிமிடம் திறந்துவைத்தாலும் பின்னணி கறுப்பாக நிற்கும். இன்று ஒரு நிமிடத்திலேயே சாம்பல் ஏறுகிறது. சோடிய விளக்குகள் போய் வெள்ளை எல்இடி விளக்குகள் வந்தன. திருமண மண்டபங்கள் வானத்துக்கு விளக்கு அடிக்கின்றன. ஈலிங்கின் இருட்டை இலண்டன் விழுங்கியதற்கு நெடுங்காலம் ஆயிற்று. கம்பம் பள்ளத்தாக்கு அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளும் என்று தோன்றவில்லை. எங்கள் மாணவர்களின் பிள்ளைகள் தேனிக்கு அருகே நின்று வெறுங்கண்ணால் அந்த வாளின் மங்கலைக் காண்பார்களா என்பதே எங்கள் கவலை.

பெரியவர் போகவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அருகிலேயே நின்றிருந்தார். எட்டாம் படம் முடிந்ததும் கேமராவின் சிறுதிரையை அவரிடம் காட்டினோம். திரையை ஒருமுறையும் வானத்தை ஒருமுறையுமாக மூன்று முறை மாறி மாறிப் பார்த்தார்.

"இது நெசமாவே அங்கனதான் இருக்கா?"

"ஆமாங்கய்யா. நம்ம கண்ணுக்கு அத்தன வெளிச்சம் சேக்கத் தெரியாது. அதுக்குத்தான் பேட்டரி."

மூலையில் இருந்த மஞ்சள் கறையை அவராகவே விரலால் சுட்டி, அது என்ன என்று கேட்டார். சொன்னோம். சற்று யோசித்துவிட்டு, "மடை திருப்பியாச்சு. நாம் போயி லைட்ட அமத்திட்டு வாரேன், நீங்க எடுங்க" என்று டார்ச்சைக்கூடப் போடாமல் வரப்பில் இறங்கி நடந்தார். விளக்கு அணைந்தது. எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினோம்.